மூன்று சர்வர், ஒரே பெரட்டு

காலையில் எழுவது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் சிக்கிக்கொண்டது. ஒன்பது மணிக்கு முன்னால் என்னை யாராவது கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர்கள் முகத்தில் ஒரு வாரம் விழிக்க மாட்டேன். கோலாலம்பூரில் வங்கி வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான ரந்தாவுக்குத் திரும்பி வந்ததற்கு ஊரில் நான் சொன்ன காரணங்கள் பல. உண்மையான காரணம், விடிவதற்கு முன்னால் எழுந்து ரயில் பிடிக்க முடியவில்லை என்பதுதான்.

ரந்தாவில் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எங்கள் என்றால் நானும் நிலானியும். செயலியை எழுதுவது திலகாவாகிய நான். எழுதியதைக் கொண்டுபோய் சர்வரில் ஏற்றி ஓட வைப்பது சிரம்பான் பெண்ணான நிலானி. எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம். அப்படித்தான் கடை ஓடியது.

எங்களுக்கு இருந்தது ஒரே வாடிக்கையாளர், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள் பல வைத்திருக்கும் ஒரு கம்பெனி. அவர்களுக்காகப் பெரட்டுக்கு ஒரு செயலி செய்திருந்தோம். பெரட்டு என்றால், இருட்டு விலகுவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் எல்லாம் களத்தில் கூடி நிற்பார்கள். மண்டோர் என்கிற மேற்பார்வைக்காரர் பேர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்த்து, வேலைக்குப் பிரித்து அனுப்புவார். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். இப்போது களத்தில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசமும் இந்தோனேசியாவும். ஆனாலும் அதற்குப் பேர் பெரட்டுதான். அங்கே பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. நாங்கள் செய்தது, மண்டோர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்ததுதான். வந்தவர் பேரைத் தட்டினால் அது பச்சையாகும். சிரம்பான் தலைமை அலுவலகத்துத் திரையில் உடனே தெரியும். முதலில் மூன்று தோட்டங்களில் ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு சர்வர். ஒவ்வொரு மேனேஜர் காலத்திலும் யாரோ ஒருவர் வந்து தனக்குத் தெரிந்ததை வைத்துவிட்டுப் போயிருந்தார். ரந்தாவ் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மேசைக்கடியில் ஒரு பழைய கணினி, அதில் டாம்கேட் என்கிற சர்வர் மென்பொருளின் பழைய பதிப்பு. கோலா சாவா தோட்டத்தில் புதிய டாம்கேட். பகாவ் தோட்டத்துக்கு மேசையும் இல்லை, கணினியும் இல்லை. அதன் சர்வர் எங்கேயோ வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில், வைல்ட்ஃபிளை என்கிற இன்னொரு வகையில் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்துத்தான் மகேந்திரன் உள்ளே நுழைந்தார். கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனியின் விற்பனை ஆள். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. மூன்று வகை சர்வரில் ஒரே செயலி ஒழுங்காக ஓடாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எங்களுடையதை வாங்குங்கள் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார். அங்கே கணினிப் பிரிவுக்குத் தலைவர் துரைசிங்கம். கண்ணால் காணாததை நம்பாத மனிதர். எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவர் ஓடாது எண்டு சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நிலானி யோசித்துப் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரே ஃபைல் சார். மூணு எடத்துலயும் அதே ஃபைல் ஓடும். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டோம்."

"அப்ப திங்கட்கிழமைப் பெரட்டு. மூண்டு தோட்டமும் என்ர திரையில சரியா வரவேணும். ஒண்டு பிழைச்சாலும் நான் மகேந்திரனிட்டைக் குடுத்திடுவன். ஒன்பது மணிக்கு டைரக்டர்மார் வருவினம்."

வெளியே வந்ததும் நிலானி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த வேலை போனால் மோட்டார் கடைக்கு மேலே விளக்கை அணைத்துவிட்டு, நான் மறுபடியும் விடிகாலை ரயிலுக்குத்தான் போக வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

ஜாவாவில் ஒரு வசதி உண்டு. செயலி முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடலாம். அதைத் தூக்கிக்கொண்டு எந்த சர்வருக்கும் போகலாம் என்பது பேச்சு. போய்ப் பார்த்தால்தான் தெரியும் பாடு.

ரந்தாவில் கோப்பைப் போட்ட வேகத்தில் ஓடியது. கிராணி சத்தியசீலன், "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். கோலா சாவாவில் அசையவே இல்லை. புதிய டாம்கேட்டுக்கு எங்கள் செயலிக்குள் இருந்த ஜாவா பாகங்களின் பழைய பெயர்கள் எதுவும் தெரியவில்லை. நான் அந்த டாம்கேட்டைச் செய்தவர்கள், செய்தவர்களின் பரம்பரை என்று எல்லோரையும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தபோது, நிலானி அமைதியாகக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பழைய செயலிகளுக்கென்றே அந்த சர்வரில் தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் போட்டால் பழைய பெயர்களை அதுவே புதிதாக மாற்றிக்கொள்ளுமாம். போட்டாள். ஓடியது. "திட்டி முடிச்சிட்டியா? வா, சாப்பிடுவம்" என்றாள்.

பகாவ் வெள்ளிக்கிழமை. வைல்ட்ஃபிளை எங்கள் தரவுத்தளத்தை அடையாளம் தெரியாத விருந்தாளி மாதிரி வாசலிலேயே நிறுத்தி வைத்தது. நிலானி அதற்கு முறைப்படி அறிமுகம் செய்துவைத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. தோட்டத்து மண்டோர் ரதி டேப்லெட்டில் பேர்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. துரைசிங்கத்தின் திரையிலும் சரியாக வந்தது.

ரதி முப்பது வயதுக்காரி. அவள் குரல் ஒரு வயல் தாண்டிக் கேட்கும்; செம்பனை நட்ட பகுதியைத் தோட்டத்தில் வயல் என்பார்கள். குலை வெட்டும் ஆண்கள் எல்லாம் அவளுக்கு அடங்கித்தான் நிற்பார்கள்.

"அக்கா, ஒரு நாளு பெரட்டுக்கு வந்து பாருங்கக்கா. ஆபீஸ்ல ஒக்காந்துகிட்டே செஞ்சா எப்படிலா?"

"எத்தன மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்கு."

"அது மனுசன் எந்திரிக்கிற நேரமா? நீயே நடத்துலா. நான் திரையில பாத்துக்கிறேன்."

ரதி சிரித்தாள். "சரி, ஞாயித்துக்கிழமையாச்சும் வாங்க. தோட்டத்துக் கோயில் திருவிழா. ஒருத்தரும் வேலைக்குப் போக மாட்டாங்க, பங்களாதேஷ் பையனுங்ககூட சாப்பாட்டுக்கு வந்துருவானுங்க." அதற்கும் நான் போகவில்லை. ஞாயிறு முழுவதும் தூங்கினேன்.

திங்கட்கிழமை மட்டும் வேறு வழி இல்லை. விடிவதற்கு முன்னாலேயே நிலானி வந்து என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். கண் எரிய அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். ரந்தாவ் வரத் தொடங்கியது. பேர் பேராக எண்ணிக்கை ஏறியது. கோலா சாவாவும் ஏறியது. பகாவ் சைபரில் நின்றது.

ரதியைக் கூப்பிட்டேன். "பெரட்டு முடிஞ்சிருச்சா?"

"எப்பயோ முடிஞ்சிருச்சுக்கா. எல்லாரும் வயலுக்குப் போயாச்சு. இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு." படம் எடுத்தும் அனுப்பினாள். பச்சை, பச்சை, பச்சை. எங்கள் திரையில் சைபர்.

அடுத்தது நான் எதிர்பார்த்த அழைப்பு. துரைசிங்கம் தன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திலகா, இது என்ன கூத்து? இண்டைக்குப் பகாவில ஒருத்தரும் வேலைக்கு வரேல்லை எண்டு காட்டுது. ஆனா நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுத் தோட்டமும் வேலை செய்ததாக் காட்டுது! ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம். டைரக்டர்மார் இதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலி வரும்."

"நேத்து அங்க கோயில் திருவிழா சார். ஒருத்தரும் வேலைக்குப் போகல."

"அதைத்தான் நானும் சொல்லுறன்! ஒன்பது மணிக்கு வாங்கோ. மகேந்திரனும் வாறார்."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் முற்றினால் எனக்கு அப்படித்தான் வரும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். அதற்கு நிலானியின் பிழைப்பையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டேன். அவளோ பகாவ் சர்வருக்குள் புகுந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலியில் பிழை என்று எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் பேர்கள் அத்தனையும் இருந்தன. வெள்ளிக்கிழமை சரியாக வந்தது இன்றைக்கு ஏன் முந்தின நாளில் போய் விழ வேண்டும்?

சிரம்பானுக்குக் கிளம்பப் படியிறங்கினோம். கீழே மோட்டார் கடை அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. ரதி.

"அக்கா! பச்சை எல்லாம் போயிருச்சுக்கா! நான் ஒண்ணும் அமுக்கல. பாத்துக்கிட்டே இருக்கேன், எல்லாம் வெள்ளையாயிருச்சு. ஒருத்தரும் வராத மாதிரி நிக்குது."

"எப்ப?"

"இப்பத்தான். ஆலைச் சங்கு ஊதுச்சு, போயிருச்சு."

அவர்கள் பக்கத்து எண்ணெய் ஆலையில் எட்டு மணிக்குச் சங்கு ஊதும்.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி. காலை எட்டு மணிக்கு இங்கே எதுவும் மாறுவதில்லை. ஆனால் கணினிகள் பார்க்கும் உலகப் பொது நேரத்தில் சரியாக நடு இரவு. அங்கே அப்போதுதான் ஞாயிறு போய்த் திங்கள் பிறக்கிறது. நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம்.

"நிலானி! பகாவ் சர்வர்ல மணி என்ன காட்டுது?"

மடிக்கணினியைத் திறந்தாள். அவள் முகமே பதில் சொன்னது. ரந்தாவிலும் கோலா சாவாவிலும் இயந்திரங்கள் தோட்டத்து ஆபீசிலேயே இருந்தன. கிராணிகள் மலேசிய நேரத்தை வைத்திருந்தார்கள். வெளிநாட்டு வாடகை இயந்திரம் மட்டும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரதி விடியற்காலையில் பேர் தட்டும்போது அந்த சர்வருக்கு இன்னும் ஞாயிறு இரவு. அதனால் எல்லாருடைய பேரையும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போட்டுக்கொண்டது. டேப்லெட் அந்த ஞாயிறைப் பச்சையாகக் காட்ட, எங்கள் திரை மலேசியத் திங்களைத் தேடிச் சைபரில் நின்றது. எட்டு மணிக்கு அதற்குத் திங்கள் பிறந்தது, பச்சை எல்லாம் பழைய நாளோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஏன் தெரியவில்லை? மதியம் சோதித்தோம். அதற்கு முன்னால் அலுவலகத்தில் மாதக்கணக்கில் சோதித்தோம், எல்லாம் நான் எழுந்து, நாசி லெமாக் சாப்பிட்டு, தே தாரிக் குடித்த பிறகு. பெரட்டுக்கென்று ஒரு செயலி செய்துவிட்டு, பெரட்டு நேரத்தில் ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்க்காத மகாராணி நான். காலை எட்டுக்கு முன்னால் வேலை தொடங்குகிறவர்களுக்கு மட்டும் தெரியக்கூடிய பிழை அது. ஆபீஸ்காரி கண்ணில் படவே படாது.

"நேரத்தை மாத்த ஒரு வரி போதும். அந்த சர்வர்லயே மாத்திவிடவா?" என்றாள் நிலானி.

"வேணாம். அப்படிச் செஞ்சா அந்த சர்வர் மட்டும்தான் சரியாகும். நாளைக்கு இன்னொரு தோட்டத்துக்குப் போனா இதே கதைதான். எந்த சர்வரா இருந்தாலும் ஓடும்னு சொன்னது நாமதானே? நாம எழுதுனதுலதான் தப்பு, அங்கயே திருத்துவோம். நீ கார் ஓட்டு."

மைவி காரில் சிரம்பான் சாலையில் நிலானி பறந்தாள். என் மடியில் கணினி, போனிலிருந்து இணையம். இருபுறமும் செம்பனை, வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்தது. செயலி எங்கெல்லாம் "இன்று எந்த நாள்?" என்று கேட்கிறதோ, அங்கெல்லாம் தான் ஓடும் இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் எங்கே ஓடினாலும் நம் நாட்டு நேரத்தைத்தான் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு இடமாக மாற்றினேன். நல்லவேளையாக, பேரைத் தட்டிய கணத்தை நாங்கள் அப்படியே சேமித்திருந்தோம். எந்த நாள் என்கிற கணக்கைத்தான் சர்வர் பிறகு போட்டது. கணக்கைச் சரி செய்தால் பேர்கள் தாமாகவே திங்களுக்கு வந்துவிடும். மறுபடியும் ஒரே கோப்பாகக் கட்டினேன். தலைமை அலுவலகத்து வாசலில் கார் நின்றபோது ரந்தாவில் ஏறியிருந்தது. கோலா சாவா ஏறிக்கொண்டிருந்தது.

"நீ போ. பகாவை நான் பாத்துக்கொள்றன்" என்றாள் நிலானி.

அறைக்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். துரைசிங்கத்தின் முகம் கருத்திருந்தது. மகேந்திரன் எனக்கு ஒரு புன்னகை கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவில்லை. டைரக்டர்களில் மூத்தவர் இராஜமாணிக்கம். ஒரு காலத்தில் தோட்ட மேனேஜராக இருந்தவர். சுவரில் பெரிய திரை. பகாவ், திங்கள், சைபர்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல கூழு குடிச்ச தோட்டமெல்லாம் வேலை செஞ்சதா காட்டுதாமே?" என்றார் இராஜமாணிக்கம்.

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார் மகேந்திரன். "வேற வேற சர்வர்ல ஒரே செயலிய ஓட்டுனா இப்படித்தான் வரும்."

என் நாக்கு துடித்தது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். போன் அதிர்ந்தது. நிலானியிடமிருந்து ஒரே ஒரு சொல்: "ஏறிட்டுது."

"துரைசிங்கம் சார், அந்தப் பக்கத்தை ஒரு தடவ ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

அவர் சந்தேகத்தோடு விசையைத் தட்டினார். திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு பகாவின் ஞாயிறு காலியானது. திங்களில் அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

எனக்கு மேசை மேல் ஏறி ஆட வேண்டும் போலிருந்தது. ஆடவில்லை, நடந்ததைச் சொன்னேன், எட்டு மணிச் சங்கு வரைக்கும். இராஜமாணிக்கம் மகேந்திரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்க செயலிய எத்தன மணிக்கு டெஸ்ட் பண்ணுவீங்க?"

"ஆபீஸ் நேரத்துல சார்."

"நாங்களும் அப்படித்தான் சார் பண்ணோம்," என்றேன். "அதான் மாட்டிக்கிட்டோம். ஆனா இனிமே எங்க செயலி எந்த சர்வர்ல ஓடினாலும் பெரட்டு நேரத்துக்குத்தான் ஓடும்."

இராஜமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "நாளைக்குக் காலையில பாப்போம். விடியறதுக்கு முன்னாடி மூணு எடமும் சரியா வந்துச்சுன்னா, மத்த தோட்டமெல்லாம் ஒங்களுக்குத்தான்."

மறுநாள் விடிகாலை. இருட்டு. பனியில் புல் நனைந்திருந்தது. பகாவ் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் முதல் ஆளாகப் போய் நின்றவள் நான். ரதி என்னைப் பார்த்ததும், பேயைக் கண்டவள் போல டார்ச்சை என் முகத்தில் அடித்தாள்.

"அக்கா! நீங்களா? மெத்தை விட்டுருச்சா?"

"ஒன் வேலையப் பாருலா."

ஆட்கள் கூடினார்கள். தலையில் விளக்கு, காலில் பூட்ஸ், தோளில் நீளக் கத்தி. ரதி பேர் கூப்பிடத் தொடங்கினாள். "ரஃபிக்!" "சுயாந்தோ!" "முனியாண்டி!" ஒவ்வொரு குரலும் இருட்டிலிருந்து பதில் சொன்னது, ஒவ்வொரு பேரும் பச்சையானது. இத்தனை நாள் திரையில் நான் பார்த்த எண்ணிக்கை என் கண்முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது. நானும் சேர்ந்து கொட்டாவி விட்டேன்.

எல்லோரையும் கூப்பிட்டு முடித்ததும் ரதி டேப்லெட்டில் எதையோ தட்டினாள். பிறகு, ஒரு வயல் தாண்டிக் கேட்கும் அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"திலகா!"

ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கேன்!" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. துரைசிங்கம். அவருக்கும் அன்றைக்குத் தூக்கமில்லை போலிருக்கிறது.

"ரந்தாவ் சரி. கோலா சாவா சரி. எல்லாம் செவ்வாய்க்கிழமையிலதான் நிக்குது. ஆனா பகாவில மட்டும் ஒரு ஆள் கூடுதலாக் காட்டுதே, திலகா?"

"அது சரியாத்தான் சார் காட்டுது. அந்த ஆளு நான்தான்."

அந்த மனிதர் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. "அப்ப மற்ற தோட்டங்களுக்கும் ஏற்றத் தொடங்குங்கோ. ஒவ்வொண்டிலும் ஒவ்வொரு விதமான சர்வர் கிடக்கு. சொல்லிப்போட்டன்."

"கெடக்கட்டும் சார்!"

நிலானிக்குச் செய்தி தட்டத் தொடங்கினேன். அதற்குள் ரதி என் முன்னால் வந்து நின்று, ஒரு சாக்கை நீட்டினாள்.

"என்னாது இது?"

"பேரு விழுந்துருச்சுலக்கா? பேரு விழுந்தா வேலைக்குப் போகணும். ஆத்தோரத்து வயல்ல உதிரிப் பழம் பொறுக்க ஆளு பத்தல."

சாக்கை வாங்கிக்கொண்டு, ஆபீஸ் செருப்போடு, லாரியில் ஏறினேன்.